எஞ்சின் இல்லாத தோணி

 

சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று இரண்டு வாரமாக என் மேசையிலேயே கிடந்தது. எழுதியவர் அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒரு தாய். மகள் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் 'ஏ' சித்தி பெற்றிருக்கிறாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவுதான் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "டொக்டருக்குப் படி மகள், இல்லாவிட்டால் கலைப் பிரிவில் படித்து டீச்சராகு என்று சொன்னால், 'உம்மா, நான் சின்னச் செய்மதிகளுக்கு எஞ்சின் செய்யப் போகிறேன்' என்கிறாள். மௌலவி, இது பொம்பிளைப் பிள்ளைக்கு ஆகுமான படிப்பா? அல்லாஹ்வின் வானத்தில் கை வைக்கிற வேலை இல்லையா? இதனால் யாருக்கு என்ன பயன்? பௌதிகவியல் படிப்பிக்கிற சேர் வினாயகபுரத்தில் இருக்கிறாராம். அவர் தமிழர். அவ்வளவு தூரம் அனுப்பவும் இவளுடைய வாப்பா யோசிக்கிறார்."

நான் உடனே பதில் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை என்பதே உண்மை. அரபுக் கல்லூரியில் நஹ்வும் ஸர்ஃபும் ஃபிக்ஹும் ஓதினோம். தொழுகை நேரத்தையும் பிறையையும் கணிக்கிற அளவுக்கு இல்முல் ஃபலக்கும் கொஞ்சம் ஓதினோம். செய்மதியின் எஞ்சினைப் பற்றி எந்த உஸ்தாதும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. தெரியாத ஒன்றைப் பற்றிக் கூடும், கூடாது என்று தீர்ப்புச் சொல்வது எத்தனை பெரிய பாவம் என்பதை மட்டும் நன்றாகச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

அந்தப் பௌதிகவியல் சேர் யாரென்று விசாரித்தால், அல்ஹம்துலில்லாஹ், என் பழைய நண்பர்! ஒரே பாடசாலையில் இருவரும் ஐந்து வருடம் படிப்பித்திருக்கிறோம். ஒரு சனிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு, திருக்கோவில் தாண்டி வினாயகபுரத்துக்கே போய்விட்டேன். அவருடைய மனைவி போட்டுத் தந்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு இருவரும் கடற்கரைப் பக்கம் நடந்தோம். கரையில் ஃபைபர் தோணிகளை இழுத்து ஏற்றியிருந்தார்கள். ஒரு தோணியில் எஞ்சினைக் காணவில்லை. திருத்தக் கொண்டு போயிருப்பார்கள் போலும்.

"மௌலவி சேர், உங்கள் கேள்விக்கு இந்தத் தோணியே பதில்" என்றார் மாஸ்டர்.

எஞ்சின் பழுதான தோணி என்னவாகும் என்பதை நமது கரைப் பெண்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காட்டுப் பக்கம் எத்தனை வீடுகளில் இரவெல்லாம் யாஸீன் ஓதிக்கொண்டு விழித்திருந்திருக்கிறார்கள்! தோணி முழுசாக இருக்கும், ஆட்கள் இருப்பார்கள், தண்ணீர்ப் போத்தலும் இருக்கும். எஞ்சின் ஒன்று ஓடவில்லை. அதன் பிறகு அது காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் சொந்தமான தோணி.

இலங்கையின் முதலாவது நனோ செய்மதியான இராவணா-1 அப்படியான ஒரு தோணிதான் என்று மாஸ்டர் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. அதற்கு எஞ்சின் பழுதாகவில்லை. எஞ்சினே இருக்கவில்லை.

சகோதரிகளில் பலருக்கு இராவணா-1 நினைவில் இல்லாமல் போகலாம். அதற்குக் காரணமும் உண்டு. அமெரிக்காவின் வேர்ஜீனியாக் கரையிலிருந்து ரொக்கெட் அதைச் சுமந்து கிளம்பியது 2019 ஏப்ரல் 17ஆம் திகதி. நமது கணக்கில் 18ஆம் திகதி அதிகாலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. அதற்கடுத்த வெள்ளி இரவு சாய்ந்தமருதில் நடந்ததையும் எழுத வேண்டியதில்லை. அந்த நாட்களில் நம் வீடுகளில் எவரும் வானத்தைப் பார்க்கவில்லை, வாசற்கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரம் ஆகுமுன், ஜூன் 17ஆம் திகதி, சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஜப்பானியக் கூடத்திலிருந்து அந்தச் செய்மதியை வெளியே விட்டார்கள்.

அதைச் செய்தவர்கள் இருவர். ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தைச் சேர்ந்த தரிந்து தயாரத்ன ஒருவர், துலானி சாமிக்க என்ற பெண் பொறியியலாளர் மற்றவர். ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்து செய்தார்கள். நேபாளத்தின் செய்மதியும் ஜப்பானின் செய்மதியும் அதோடு கூடப் பிறந்தவை. நீளமும் அகலமும் பத்துப் பத்து சென்றிமீற்றர், உயரம் பதினொன்றுக்குச் சற்று மேல், நிறை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உங்கள் அடுப்படியில் சீனி போட்டு வைக்கிற சதுர டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவை 1999இல் அமெரிக்காவின் இரண்டு பேராசிரியர்கள் வகுத்தார்கள். அவர்களில் பொப் ட்விக்ஸ் என்பவர் கடையில் பொம்மை வைத்து விற்கிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் பார்த்துத்தான் இந்த அளவுக்கு வந்தாராம். மாணவர்கள் கையில் எடுத்துச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இராவணா-1இல் படமெடுக்கும் கருவி இருந்தது, வானொலி இருந்தது, சூரியத் தகடுகள் இருந்தன. திரும்பிப் பார்க்க மின்காந்தச் சுருள்கள் இருந்தன. கிப்லா காட்டும் முள் பூமியின் காந்தத்துக்கு இணங்கித் திரும்புகிறதல்லவா, அதே போல அந்தச் சுருளில் மின்சாரத்தைச் செலுத்தினால் பெட்டி திரும்பும். ஆனால் திரும்புவது வேறு, நகர்வது வேறு. முகத்தைத் திருப்ப முடியும், ஓர் அடி எடுத்து வைக்க முடியாது.

சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் அதை விட்டார்கள். அங்கே காற்று இல்லை என்று நாம் நினைக்கிறோம். இருக்கிறது, மிக மிக மெல்லியதாக. வினாடிக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் ஓடுகிற பெட்டியை அந்த மெல்லிய காற்றே தேய்த்துத் தேய்த்துத் தாழ்த்திவிடும். இராவணா-1க்கு ஒன்றரை வருட ஆயுள் எதிர்பார்த்தார்கள். இரண்டு வருடமும் மூன்று மாதத்துக்கு மேலும் சுற்றியது. 2021 அக்டோபரில் கீழிறங்கி எரிந்துபோனது.

இங்கேதான் மாஸ்டர் என்னைப் பிடித்து நிறுத்தினார். "இராவணாவை வெளியே விட்ட நிலையமும் அதே உயரத்தில்தானே நிற்கிறது? நானூறு தொன்னுக்கு மேல் பாரம். 1998இல் இருந்து அங்கே இருக்கிறது. அது ஏன் விழவில்லை?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "அதுவும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. இடைக்கிடை எஞ்சினைப் போட்டு மேலே ஏற்றிவிடுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்" என்றார்.

அப்படியானால் அந்தச் சின்னப் பெட்டிக்கும் ஓர் எஞ்சினைப் பூட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

தோணிக்குத் தள்ளுவதற்குத் தண்ணீர் இருக்கிறது. துடுப்பால் தண்ணீரைப் பின்னே தள்ளினால் தோணி முன்னே போகும். வானத்தில் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே செய்மதி தன்னிடம் இருப்பதையே எடுத்துப் பின்னே எறிய வேண்டும். துடுப்பில்லாத தோணியில் நிறையத் தேங்காய் ஏற்றிக்கொண்டு நடுக்கடலில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்களை ஒவ்வொன்றாகப் பின்பக்கம் பலமாக எறிந்தால் தோணி மெல்ல மெல்ல முன்னே அசையும். தேங்காய் முடிந்தால் பயணமும் முடிந்தது. சீனி டப்பா அளவான பெட்டியில் எத்தனை தேங்காய் ஏற்றுவது? அதில்தான் சிக்கல். அந்தத் தேங்காய்க்குத் தாங்கி வேண்டும், குழாய் வேண்டும், திறந்து மூட வால்வு வேண்டும். எல்லாம் போட்டால் கமெராவுக்கு இடமில்லை. மனிதர் தங்கியிருக்கிற நிலையத்துக்குள் கொண்டுபோய் வைக்கிற பெட்டியில் அழுத்தம் நிறைந்த தாங்கி இருந்தால் பாதுகாப்பு நிபந்தனைகளும் இரட்டிப்பாகும்.

எறிவதற்கு எதை எடுப்பது என்று உலகம் தேடிய தேட்டத்தைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் எல்லாம் நமது குசினிக்குள்ளேதான் இருந்தது!

2000ஆம் ஆண்டு ஜூன் 28இல் இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்தார் ஸ்னாப்-1 என்ற ஆறரைக் கிலோச் செய்மதியை அனுப்பினார்கள். அதன் எஞ்சினில் எறிபொருளாக இருந்தது பியூட்டேன். நிறை 32.6 கிராம், இரண்டு மேசைக்கரண்டிச் சீனியின் அளவு. பியூட்டேன் என்றால் என்னவென்று 2021 இறுதியில் நம் நாட்டுப் பெண்களெல்லாம் படித்துக்கொண்டோமே! வீட்டுக்கு வீடு காஸ் அடுப்பு வெடித்த செய்தி வந்தபோது, சிலிண்டருக்குள் பியூட்டேனும் புரோப்பேனும் கலக்கும் விகிதம் மாறிவிட்டது, புரோப்பேன் கூடினால் அழுத்தம் கூடும் என்று வானொலியில் விளக்கினார்கள். அதே நியாயம்தான் அங்கேயும். பியூட்டேன் குறைந்த அழுத்தத்திலேயே திரவமாக அடங்கி இருக்கும். அதனால் பாரமான தாங்கி தேவையில்லை, சுருட்டி வைத்த மெல்லிய குழாயே போதும். அதை எரிக்கவும் இல்லை. ஆவியாக்கி ஓட்டை வழியே வெளியே விட்டார்கள், ஊதிய பலூனின் வாயை விட்டால் ஓடுமே அப்படி. அந்த இரண்டு கரண்டிக் காஸ் செய்மதியைச் சில கிலோமீற்றர் மேலே ஏற்றிவிட்டது.

இரண்டாவது, அயடீன். நம் நாட்டில் 1995 முதல் உப்பில் கட்டாயமாகக் கலக்கிறார்களே, அதே அயடீன். தேங்காயைக் கூட்ட முடியாவிட்டால் எறிகிற வேகத்தைக் கூட்டலாம் அல்லவா? காஸை வெறுமனே வெளியே விட்டால் அது வினாடிக்குச் சில நூறு மீற்றர் வேகத்தில் போகும். அணுவுக்கு மின்னூட்டம் கொடுத்து மின்சாரத்தால் எறிந்தால் வினாடிக்குப் பத்துக் கிலோமீற்றருக்கும் மேலே போகும். இதற்கு வழமையாக செனன் என்ற வாயுவைப் பாவிப்பார்கள். அது அரிது, விலை அதிகம், உயர் அழுத்தத் தாங்கியும் வேண்டும். அயடீனோ கட்டியாகவே இருக்கும். சூடாக்கினால் நேரே ஆவியாகும். பிரான்சின் திரஸ்ட்மீ என்ற நிறுவனம் செய்த அயடீன் எஞ்சின், 2020 நவம்பரில் சீனாவின் சுமார் இருபது கிலோச் செய்மதி ஒன்றில் ஏறிப்போனது. பல தடவை ஓட்டி மூன்று கிலோமீற்றருக்கு மேல் அதன் உயரத்தை மாற்றினார்கள். 2021 நவம்பரில் நேச்சர் சஞ்சிகையில் முழு விபரமும் வந்தது.

அந்த எஞ்சினின் தள்ளு விசை எவ்வளவு தெரியுமா? உள்ளங்கையில் மூன்று நான்கு அரிசி மணியை வைத்தால் எவ்வளவு பாரம் தெரியுமோ, அவ்வளவு. இதை எழுதும்போது நான் அரிசி மணியை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அந்தத் 'தெரியாத' விசைதான் நாட்கணக்கில் தள்ளி இருபது கிலோவை நகர்த்துகிறது. ஆனாலும் அதற்கு ஐம்பது வாட் அளவில் மின்சாரம் வேண்டும். இராவணா-1 போன்ற பெட்டியின் சூரியத் தகடுகள் தருவது ஓரிரு வாட்தான். மிகச் சின்னதுக்கு எஞ்சின் செய்வதே மிகப் பெரிய வேலை என்று மாஸ்டர் சொன்னது இதனால்தான். அக்கரைப்பற்றுப் பிள்ளைக்கு வேலை மிச்சம் இருக்கிறது.

மூன்றாவது, தண்ணீர். ஜப்பானின் விண்வெளி நிறுவனமும் டோக்கியோ பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த எக்குலியஸ் என்ற சின்னச் செய்மதி 2022 நவம்பர் 16இல் அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் ரொக்கெட்டில் சந்திரன் பக்கம் போனது. அதன் எஞ்சின் நீராவியை வெளியே விட்டுத்தான் பாதையைத் திருத்திக்கொண்டது. ஏற்றிக்கொண்டு போன தண்ணீர் ஒன்றரை லீற்றருக்கும் குறைவு. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது முக்கால் லீற்றருக்கும் உட்பட்ட தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என்று ஹதீஸ் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் நம்பாமல் பார்ப்பார்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கதை பேசிக்கொண்டு வுழூச் செய்கிற நாம், சந்திரன் வரை போக வேண்டிய தண்ணீரை மூன்று தடவை ஊற்றிவிடுகிறோம்!

இந்தியாவில் இதை யார் செய்கிறார்கள் என்றும் கேட்டேன். பெங்களூரின் பெல்லாட்ரிக்ஸ் என்ற நிறுவனம் தனது இரண்டு சின்ன எஞ்சின்களை 2024 ஜனவரி 1இல் கிளம்பிய பி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டின் கடைசிப் பகுதியில் வைத்துப் பரீட்சித்திருக்கிறது. கரூர்ப் பக்கம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் என்ற நமது பிள்ளையின் குழு செய்த 64 கிராம் 'கலாம்சாட்'டை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2017 ஜூன் 22இல் ரொக்கெட்டோடு மேலே போய்ச் சிறிது நேரத்தில் இறங்கிவிட்டது. அது பூமியைச் சுற்றியதாகச் சிலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. இருந்தாலும் பதினெட்டு வயதில் அது சின்னக் காரியமில்லை. (கலாம் அவர்களைப் பற்றி இந்தப் பத்தியில் போதிய அளவு எழுதியாகிவிட்டது, அதனால் விடுகிறேன்.)

நான் அதிகம் யோசித்தது ஆசாதிசாட்டைப் பற்றி. இந்தியா முழுவதிலுமிருந்து 750 மாணவிகள் கூடி அதன் பாகங்களைச் செய்தார்கள். அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகள். 2022 ஆகஸ்ட் 7இல் ரொக்கெட் கிளம்பியது. 356 கிலோமீற்றரில் வட்டமாகச் சுற்ற வேண்டியது, ஒரு பக்கம் 76 கிலோமீற்றர் வரை தாழ்ந்த பாதையில் போய்விட்டது. அங்கே காற்று அடர்த்தி. போனது போனதுதான். எஞ்சின் இருந்திருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். இல்லை என்றார் மாஸ்டர். அரிசி மணித் தள்ளுக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்காது. அந்தப் பிள்ளைகள் அன்று அழுதிருப்பார்கள். ஆனால் ஆறு மாதத்தில், 2023 பெப்ரவரி 10இல், ஆசாதிசாட்-2 சரியான பாதையில் போய்ச் சேர்ந்தது.

இனி, சகோதரியின் கேள்விக்கு வருகிறேன்.

"யாருக்கு என்ன பயன்?" செய்மதிக்கு எஞ்சின் கொடுப்பது தூரம் போவதற்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதைவிட முக்கியம், வேலை முடிந்தால் வழியை விட்டு இறங்குவது. 400 கிலோமீற்றரில் இருப்பதைக் காற்றே துப்புரவு செய்துவிடும். 800 கிலோமீற்றரில் விட்டால் நூறு வருடத்துக்கு மேலும் கிடக்கும். 2009 பெப்ரவரி 10இல் செயலிழந்த ரஷ்யச் செய்மதியும் வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்கச் செய்மதியும் சைபீரியாவுக்கு மேலே மோதி நொறுங்கின. அந்தத் துண்டுகள் இன்னமும் மற்றச் செய்மதிகளுக்குப் பயங்காட்டிக்கொண்டு சுற்றுகின்றன. சூறாவளி வருகிறதென்று நமக்கு அறிவிப்பதும், ஹஜ்ஜுக்குப் போன பிள்ளையின் குரலைக் கொண்டுவருவதும் செய்மதிகள்தானே. வேலை முடிந்து இருபத்தைந்து வருடத்துக்குள் இறக்கினால் போதும் என்றிருந்ததை, அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு 2022 செப்டம்பரில் ஐந்து வருடமாகக் குறைத்துவிட்டது. உயரத்தில் இருந்து ஐந்து வருடத்துக்குள் இறங்க எஞ்சின் வேண்டும், அல்லது காற்றைப் பிடிக்கும் பாயாவது வேண்டும். பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நம் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். இந்தப் பிள்ளை படிக்க விரும்புவது அந்த வேலையை.

"அல்லாஹ்வின் வானத்தில் கை வைப்பதா?" கடலும் அவனுடையதுதான். அதில் எஞ்சின் பூட்டிய தோணியை நாம் விடுகிறோம். விழுகிற சட்டமும் எறிந்தால் நகர்கிற சட்டமும் அவன் வைத்த சட்டங்கள், அவற்றைப் படிப்பது குற்றமாகாது. சூரத்துர் ரஹ்மானின் ஒரு வசனத்தைக் காட்டி ரொக்கெட் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது என்று பேசுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. முஃபஸ்ஸிர்கள் அதற்குப் பல விளக்கம் தந்திருக்கிறார்கள். அடுத்தவர் செய்து முடித்த பிறகு நம் கிதாபில் இருந்தது என்று பெருமை பேசுவதைவிட நம் பிள்ளை ஒரு வால்வைச் செய்வது மேல்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு ஆகுமா?" ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் ஹலப் நகரில் ஸைஃபுத் தௌலாவின் அவையில் அஸ்தர்லாப் செய்தவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார் என்று இப்னுந் நதீம் எழுதி வைத்திருக்கிறார். அல்-இஜ்லிய்யா என்று தந்தை பெயரால் குறிப்பிடுகிறார். வானத்தை அளக்கும் கருவி அது, நுட்பமான கைவேலை.

ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். பதினைந்து வருடத்துக்கு முன் இதே போல ஒரு வாப்பா மகளைக் கணிதப் பிரிவுக்கு விடலாமா என்று பள்ளிவாசல் வராந்தாவில் வைத்து என்னிடம் கேட்டார். தூரம், தனியே போய்வர வேண்டும், எதற்கு வீண் சிரமம் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, ஜமாஅத்துக்கு இகாமத் சொல்லப் போகிறார்கள் என்ற அவசரத்தில் சொன்னேன். அவர் என் வார்த்தையை ஃபத்வாவாக எடுத்துக்கொண்டார். அந்தப் பிள்ளைக்கு இப்போது மூன்று பிள்ளைகள், நன்றாக இருக்கிறார். மூத்த மகனுக்கு அவரே கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்வி. வழியில் கண்டால் ஸலாம் சொல்லிவிட்டுப் போவார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வருவதில்லை.

சகோதரி, தூரத்தைப் பற்றி உங்கள் கணவர் யோசிப்பது நியாயம். 2019க்குப் பிறகு நமது பிள்ளைகளை அயலூருக்கு அனுப்பவும், அவர்களுடைய பிள்ளைகளை நம் பக்கம் அனுப்பவும் இரு பக்கமும் தயங்கியதை நான் அறிவேன். மாஸ்டரும் அறிவார். வகுப்பு அவருடைய வீட்டு முன் விறாந்தையில் நடக்கிறது, மனைவியும் வீட்டிலேயே இருப்பார். அக்கரைப்பற்றிலிருந்து ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் ஒரு ஓட்டோவில் சேர்ந்து வருகிறார்கள், மூன்றாவதற்கு இடமிருக்கிறது. ளுஹருக்கு முன் வகுப்பு முடிந்துவிடும். முதல் நாள் வாப்பாவையும் கூட வரச் சொன்னார், இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்றார்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு. பிள்ளை ஒரு கொப்பியும் இரண்டு பலூனும் கொண்டுபோக வேண்டுமாம்.

வஸ்ஸலாம்.